எழுத்துப் பிழையும் வாக்குரிமையும்

வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழர் எவரும், வாக்காளர் பட்டியலில் தம் பெயர் எவ்வடிவில் வந்திருக்கிறது என்று ஒரு முறையேனும் கவலையோடு பார்த்திருப்பர். தந்தையின் பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும். தலைப்பெழுத்து நடுவில் சென்று நின்றிருக்கும். இளங்கோ இலங்கோ ஆகியிருப்பார். தமிழழகன் என்ன ஆகியிருப்பார் என்பதைச் சொல்லவே வேண்டுவதில்லை. வாக்குச் சாவடி அதிகாரி அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, "சரி, போங்கள்" என்று சொல்லும் வரையில் நெஞ்சு சற்றே படபடக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு சங்கடத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இங்கே பெயர் வாக்காளருடையது அன்று, வேட்பாளருடையது. அதை வாக்குச் சீட்டில் வாக்காளரே தம் கையால் எழுதவேண்டும். எழுதியவர் பிழையாக எழுதிவிட்டால் அந்த வாக்கு செல்லுமா, செல்லாதா? இக்கேள்வி ஒரு செனட்டரின் பதவியையே தீர்மானிக்கும் கேள்வியாக எழுந்து, உச்ச நீதிமன்றப் படி வரை ஏறியது. நடந்த இடம் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் அலாஸ்கா மாநிலம், ஆண்டு 2010.

அமெரிக்கச் செனட் சபை நம் ராஜ்ய சபையோடு சில வகைகளில் ஒத்தது. உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவர். ஆனால் நம் ராஜ்ய சபைக்குச் சட்டசபை உறுப்பினர்களே வாக்களிக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள் என்றால் சிறிய மாநிலத்துக்கு ஒன்றே ஒன்று. அமெரிக்காவிலோ பெரிய மாநிலமாயினும் சிறிய மாநிலமாயினும் இரண்டே செனட்டர்கள். 1913 வரையில் அங்கும் மாநிலச் சட்டசபைகளே அவர்களைத் தேர்ந்தெடுத்து வந்தன. அவ்வாண்டு நிறைவேறிய 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி அவ்வுரிமை மக்கள் கைக்கு வந்தது. ஆகவே ஒரு செனட்டர் மீண்டும் பதவி பெறவேண்டுமாயின், மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு வாக்குக் கேட்கவேண்டும்.

அந்த மாநிலம் அலாஸ்கா என்றால், அது எளிய காரியமன்று. இந்தியாவின் பரப்பில் பாதிக்கு மேல் உள்ள நிலம் அது. 1867-ல் ருஷியாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டது. 1959 ஜனவரியில்தான் மாநில அந்தஸ்து பெற்றது. அத்தனை பெரிய நிலத்தில், 2010-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஏழு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களே வசித்தனர். நம் நாட்டில் ஒரு நடுத்தர நகரத்து மக்கள் தொகைதான். தலைநகரான ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் செல்லவேண்டும். பூர்வகுடி மக்களின் கிராமங்கள் பலவற்றுக்குச் சிறு விமானங்களே பஸ் வண்டிகள். யூப்பிக், இனூப்பியாக் முதலிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட முதியோர்க்கு, ஆங்கிலத்தில் எழுதுவது நமக்கு வேற்று மாநில மொழியில் எழுதுவது போன்றதே.

லிசா மர்கௌஸ்கி என்னும் அம்மையார் இம்மாநிலத்தின் செனட்டராக இருந்தார். அவர் அப்பதவிக்கு வந்த வழி அவ்வளவு அழகானதன்று என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவருடைய தந்தை ஃபிராங்க் மர்கௌஸ்கி 22 ஆண்டுகள் செனட்டராக இருந்தவர். 2002-ல் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, காலியான தம் செனட் இடத்துக்குத் தம் மகளையே நியமித்தார். சட்டப்படி கவர்னருக்கு அந்த அதிகாரம் இருந்தது. ஆயினும் மக்களுக்கு அது பிடிக்கவில்லை. 2004-ல் நடந்த பொது வாக்கெடுப்பில் கவர்னரிடமிருந்து அந்த நியமன அதிகாரத்தையே பறித்துவிட்டார்கள். அதே நாளில் நடந்த செனட் தேர்தலில் மகளுக்குக் குறைந்த வித்தியாசத்தில் வெற்றி அளித்தார்கள். தவற்றைத் தந்தையின் கணக்கில் எழுதி, மகளுக்கு ஒரு தவணை கொடுத்தார்கள் போலும்! இரண்டு ஆண்டு கழித்துத் தந்தை தம் கட்சியின் முதற்கட்டத் தேர்தலிலேயே சேரா பேலின் என்னும் அம்மையாரிடம் தோற்றுப் போனார்.

முதற்கட்டத் தேர்தல் என்றேன். நம் நாட்டில் கட்சி வேட்பாளர் யார் என்பதை மேலிடம் முடிவு செய்யும். தொண்டர்கள் மறுநாள் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அமெரிக்காவிலோ அதற்கும் ஒரு வாக்குப் பதிவு உண்டு. இது சிறந்த ஏற்பாடு என்றே தோன்றும். ஆனால் அதில் வாக்களிக்க வருவோர் தொகை சிறியது. உணர்ச்சி மிகுந்தவர்களே முந்தி வருவர். 2010 ஆகஸ்டு 24-ஆம் தேதி நடந்த ரிபப்ளிகன் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில், ஜோ மில்லர் என்னும் வக்கீல் மர்கௌஸ்கியை எதிர்த்தார். அவர் முன்னாள் ராணுவ அதிகாரி. பேலின் அம்மையாரின் ஆதரவு பெற்றவர். மத்திய அரசின் செலவைக் கடுமையாகக் குறைக்கவேண்டும் என்னும் "டீ பார்ட்டி" இயக்கத்தின் அலை அவரைத் தூக்கிச் சென்றது. வித்தியாசம் 2,006 வாக்குகள். பதவியிலிருந்த செனட்டர் தம் கட்சியினராலேயே ஒதுக்கப்பட்டார். ஒரு வாரம் கழித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு வீட்டுக்குச் சென்றார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டியது. சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்யும் காலம் எப்போதோ கடந்துவிட்டது. லிபர்டேரியன் என்னும் சிறு கட்சியின் இடத்தில் நிற்கலாமா என்று பார்த்தார்கள், அக்கட்சி இணங்கவில்லை. எஞ்சியது ஒரே வழி. அமெரிக்க வாக்குச் சீட்டுகளில் அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருக்கும். அச்சிட்டவர்களில் எவரையும் விரும்பாத வாக்காளர் தாம் விரும்பும் பெயரை அக்கோட்டில் எழுதி, பக்கத்திலுள்ள நீள்வட்டத்தையும் மையிட்டு நிரப்பலாம். பெரும்பாலும் அது வேடிக்கைக்கே பயன்படும். சிலர் மிக்கி மௌஸின் பெயரைக்கூட எழுதிவைப்பர். அவ்வழியில் செனட்டுக்கு வந்தவராக எல்லோரும் நினைவுகூர்ந்தது, தெற்குக் கரோலினாவில் 1954-ல் வென்ற ஸ்ட்ராம் தர்மண்டைத்தான். அவ்வெற்றி நிகழ்ந்து 56 ஆண்டு ஆகியிருந்தது.

செப்டம்பர் 17-ஆம் தேதி மர்கௌஸ்கி தம் முடிவை அறிவித்தார். கட்சித் தலைவர்கள் மில்லரையே ஆதரித்தனர். செனட்டில் தாம் வகித்துவந்த கட்சிப் பொறுப்பை அவர் துறக்க நேர்ந்தது. ஆயினும் அவர் பக்கம் நின்றோரும் உண்டு. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பூர்வகுடி மக்களின் கூட்டு நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டு அவருக்காகப் பிரசாரம் செய்தன. இதில் வெறும் நட்பு மட்டும் இல்லை. கிராமத்து விமானத் தளம், குடிநீர், மருத்துவ நிலையம் யாவும் வாஷிங்டனிலிருந்து வரும் பணத்தால் நடப்பவை. அந்தப் பணத்தைக் குறைப்போம் என்று சொல்பவரை, நகரத்தில் சம்பளம் வாங்கி வாழ்பவர் தத்துவமாகக் கேட்கலாம். பனிக்காலத்தில் விமானத்தை எதிர்பார்த்திருக்கும் கிராமத்தார் அவ்வாறு கேட்க முடியாது. இவ்வாறு பணம் செலவிடுவதற்கு வழி திறந்தது, அதே 2010 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு. நிறுவனங்களின் பணம் தேர்தலில் தடையின்றிப் பாய அது இடம் தந்தது என்று இன்றும் குறை கூறுவோர் பலர். அக்குறையில் நியாயம் உண்டு என்பதே என் எண்ணம். இங்கே அது ஒரு சிறுபான்மை மக்களுக்குக் கை கொடுத்தது என்பதும் உண்மை.

எல்லாவற்றுக்கும் மேலான தொல்லை அவருடைய பெயர். போலிஷ் வழி வந்த குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. நடுவில் வருவது "டபிள்யூ"வா "யூ"வா, இறுதியில் "ஐ"யா "ஒய்"யா என்று படித்தவரும் தடுமாறுவர். ஆகவே அந்த ஆறு வாரப் பிரசாரம் கொள்கைப் பிரசாரமாக இருந்ததைக் காட்டிலும் எழுத்தறிவுப் பிரசாரமாகவே இருந்தது எனலாம். டெலிவிஷனில் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கூட்டுப் போட்டி போன்ற விளம்பரம் வந்தது. பெயரும் நிரப்பிய நீள்வட்டமும் பொறித்த ரப்பர் வளையங்களை மக்கள் மணிக்கட்டில் அணிந்தனர். சாவடிக்குச் சென்று வளையத்தைப் பார்த்து எழுதலாம் அல்லவா?

எழுத முடியாதவர் கேட்டால் பெயர்ப் பட்டியலைக் காட்டலாமா என்றும் ஒரு வழக்கு வந்தது. காட்டலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் இசைந்தது. உடனே, அந்தப் பட்டியலைக் குழப்புவதற்கென்றே நூற்றுக்கு மேற்பட்டோர் எழுதிச் சேர்க்கும் வேட்பாளர்களாகத் தம்மைப் பதிவு செய்துகொண்டனர்! ஒரே பெயருள்ள மூன்று நான்கு சுயேச்சைகளை நிறுத்தும் நம்மூர்த் தந்திரத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

நவம்பர் 2-ஆம் தேதி வாக்குப் பதிவு நடந்தது. அன்றிரவு யந்திரங்கள் சொன்ன கணக்கு விசித்திரமானது. மில்லருக்கு இத்தனை, ஜனநாயகக் கட்சி வேட்பாளரான சிட்கா நகர மேயர் ஸ்காட் மக்காடம்ஸுக்கு இத்தனை, "எழுதிய பெயர்"களுக்கு இத்தனை. எழுதிய பெயர்களே முதலிடத்தில் இருந்தன. நூற்றுக்கு நாற்பது அளவில். ஆனால் அவை எவர் பெயர்கள் என்பது எவருக்கும் தெரியாது. யந்திரம் கோட்டில் மை இருப்பதை அறியுமே ஒழிய, அதைப் படிக்காது. மனிதக் கண்தான் படிக்க வேண்டும்.

நவம்பர் 10-ஆம் தேதி ஜூனோவில் அந்த வேலை தொடங்கியது. நீண்ட மேசைகளில் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து வைத்துப் படித்தார்கள். இரு தரப்புப் பார்வையாளரும் பக்கத்தில் நின்றனர். "ஒய்"யில் முடிந்த பெயர். ஓரெழுத்து விழுந்த பெயர். ஒலிப்பை மட்டும் நம்பி எழுதிய பெயர். ஒவ்வொன்றுக்கும் மில்லர் தரப்பினர் ஆட்சேபம் எழுப்பினர். கையெழுத்து தெளிவில்லை என்றும், பெயருக்குப் பின் கட்சியின் பெயரையும் சேர்த்துவிட்டார் என்றும், சரியாக எழுதியிருந்த சீட்டுகளையும் எதிர்த்தனர். ஐயத்துக்குரியவற்றைத் தேர்தல் பிரிவின் இயக்குநரே கையிலெடுத்துப் பார்த்து முடிவு சொன்னார். படித்தால் அப்பெயராக ஒலிக்கிறதா என்பதே அவர்கள் கொண்ட அளவுகோல்.

மில்லரின் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. மாநிலச் சட்டம், வேட்பாளர் தம் அறிவிப்பில் கொடுத்துள்ள பெயரோ, அவருடைய குடும்பப் பெயரோ எழுதப்பட வேண்டும் என்கிறது. "அப்பெயர்" என்றால் அப்பெயர்தானே? வாக்காளரின் மனத்தில் என்ன இருந்தது என்று அதிகாரி ஊகிக்கத் தொடங்கினால், இன்று நல்லவர் ஊகிப்பார். நாளை வேறொருவர் வேறு விதமாக ஊகிப்பார். விதி குருடாக இருப்பதே சில நேரம் அதன் பலம். நம் நாட்டிலும் இத்தகைய கண்டிப்பு உண்டு. 2016-ல் ஹரியானாவில் நடந்த ராஜ்ய சபைத் தேர்தலில், தேர்தல் அதிகாரி கொடுத்த பேனாவை விட்டு வேறு மையால் குறியிட்டார்கள் என்பதற்காகப் பத்துக்கு மேற்பட்ட சட்டசபை உறுப்பினர்களின் வாக்குகள் தள்ளப்பட்டன, முடிவே மாறியது. அவர்கள் யாருக்கு வாக்களிக்க எண்ணினர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் மை வேறானால் வாக்களித்தவரை அடையாளம் காணலாம் என்னும் காரணத்தால் விதி பிடிவாதமாக நின்றது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1951-52-ல் நடந்த நம் முதற் பொதுத் தேர்தலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு இருபது பேர்கூட இல்லாத நாட்டில், எழுதும் பொறுப்பையே வாக்காளரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். சீட்டைப் பெட்டிக்குள் போட்டால் போதும். சீட்டில் எதையும் எழுத வேண்டியதில்லை. குறியிட வேண்டியதுகூட இல்லை. ஆனால் பட்டியல் தயாரித்தபோது, "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே தம்மைச் சொல்லி, சொந்தப் பெயர் சொல்ல மறுத்த ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகளைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்கச் செய்தார். ஒரு பக்கம் அத்தனை கருணை. மறு பக்கம் இத்தனை கண்டிப்பு. அக்கண்டிப்பால் அடுத்த தேர்தலுக்குள் பெயர்கள் வந்து சேரும் என்று அவர் கருதினார். அந்தப் பெண்கள் முதல் தேர்தலை இழந்தார்கள் என்பதோ இழந்ததுதான்.

அலாஸ்காவில் வழக்கு முதலில் மத்திய நீதிமன்றத்துக்குச் சென்றது. இது மாநிலச் சட்டத்தைப் பற்றியது, மாநில நீதிபதிகளே முதலில் பொருள் சொல்லட்டும் என்று அந்நீதிபதி அனுப்பிவிட்டார். ஆனால் அதுவரையில் முடிவை உறுதி செய்யக்கூடாது என்று தடையும் விதித்தார். டிசம்பர் 10-ஆம் தேதி கீழ் நீதிமன்றம் மில்லருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. டிசம்பர் 22-ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்டத்தில் பெயர் வேண்டும் என்றிருக்கிறதே அன்றி, எழுத்துப் பிழையற்ற பெயர் வேண்டும் என்று இல்லை; வாக்காளரின் எண்ணமே தலையாயது; சிறு தவறுக்காக வாக்கைத் தள்ளினால், எழுதுவதில் இடர்ப்படுவோரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோரும் உரிமை இழப்பர் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்புக்கும் ஹரியானாவில் நடந்ததற்கும் முரண் இருப்பது போல் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேனா விதி காப்பது வாக்கின் ரகசியத்தை அல்லது அதன் நேர்மையை. அதை மீறினால் வேறொருவருக்குக் கேடு வரலாம். ஓர் எழுத்துப் பிழையால் யாருக்குக் கேடு? "ஐ"க்குப் பதிலாக "ஒய்" எழுதிய கிழவி எவரையும் ஏமாற்றவில்லை.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. இறுதிக் கணக்கில் மர்கௌஸ்கிக்கு 1,01,091 வாக்குகள், மில்லருக்கு 90,839, மக்காடம்ஸுக்கு 60,045. ஆட்சேபத்துக்குள்ளாகியும் எண்ணப்பட்ட சீட்டுகள் ஏறக்குறைய எட்டாயிரம். அவை அனைத்தையும் தள்ளிவிட்டாலும் மர்கௌஸ்கி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் முந்தியே நின்றார். அதாவது, ஒரு லட்சம் பேரில் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்தக் கடினமான பெயரை ஆட்சேபிக்க இடமின்றி எழுதிவிட்டார்கள். வளையம் வீண்போகவில்லை. பின் எதற்கு இத்தனை வழக்கு என்று கேட்கலாம். அந்த எட்டாயிரம் பேருக்கு, தம் சீட்டு குப்பைக்குப் போகாமல் கணக்கில் ஏறியதா என்பது வெற்றி தோல்வியினும் வேறான கேள்வி. டிசம்பர் 30-ஆம் தேதி முடிவு உறுதி செய்யப்பட்டது. 2011 ஜனவரி 5-ஆம் தேதி அவர் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார்.

கட்சியின் தயவின்றி வந்தவர் கட்சிக்கு எவ்வளவு கட்டுப்படுவார்? பின்னாளில் அவர் அளித்த வாக்குகள் சில அதற்கு விடை. 2017 ஜூலையில், முந்தைய அரசு இயற்றிய மருத்துவ வசதிச் சட்டத்தை நீக்கத் தம் கட்சி கொண்டுவந்த முயற்சியை, மெக்கெயின், காலின்ஸ் ஆகிய இருவரோடு சேர்ந்து தோற்கடித்தார். 2021 பிப்ரவரியில் டிரம்ப்பின் மீது வந்த குற்றச்சாட்டில் அவர் குற்றவாளியே என்று வாக்களித்த ரிபப்ளிகன் செனட்டர் எழுவரில் இவரும் ஒருவர். அதற்கு விலையும் கேட்கப்பட்டது. 2022-ல் டிரம்ப்பின் ஆதரவோடு கெல்லி சிபாகா என்னும் அம்மையார் அவரை எதிர்த்தார்.

ஆனால் அதற்குள் அலாஸ்கா மக்கள் தேர்தல் முறையையே மாற்றியிருந்தார்கள். 2020-ல் வாக்கெடுப்பு நடத்தி, கட்சிவாரியான முதற்கட்டத் தேர்தலை ஒழித்தார்கள். எல்லாக் கட்சியினரும் ஒரே களத்தில் நிற்பர். முதல் நால்வர் பொதுத் தேர்தலுக்குச் செல்வர். அங்கே வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடுவர். நம் ராஜ்ய சபைத் தேர்தலிலும் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இடுவது போன்ற வரிசைதான். முதல் விருப்பத்தில் மர்கௌஸ்கிக்கு நூற்றுக்கு 43.4, சிபாகாவுக்கு 42.6. மற்றவர்களின் வாக்குகள் பிரிந்து சேர்ந்தபின் மர்கௌஸ்கிக்கு 53.7. நான்கு முறை மாநிலம் முழுவதும் நின்று வென்ற அவர், பாதிக்கு மேற்பட்ட வாக்கைப் பெற்றது அதுவே முதல் முறை. இம்முறையை நீக்கிவிட வேண்டும் என்று 2024-ல் மறுபடியும் வாக்கெடுப்பு வந்தபோது, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்ததில் சில நூறு வாக்குகளால் அது தப்பியது.

2022-ஆம் ஆண்டுச் சீட்டில் அவர் பெயர் அச்சிலேயே இருந்தது. பக்கத்திலிருந்த சிறு வட்டத்தை நிரப்பினால் போதும். ரப்பர் வளையம் தேவைப்படவில்லை. அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே அந்த வெற்றுக் கோடு மட்டும் முன்போலவே இருந்தது.